விடியுமுன் எழுப்பும் பூனை



தூக்கம் போதவில்லை, தலை பாரமாக இருக்கிறது, வேலையில் கண் சொருகுகிறது என்று தோட்டத்துக் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் நான் வழக்கமாகச் சில கேள்விகள் கேட்பேன். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், இரவில் எத்தனை தடவை சிறுநீருக்கு எழுகிறீர்கள், குறட்டை உண்டா, கோப்பி எத்தனை கிளாஸ் என்றெல்லாம். இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வேன். வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள்?

இதைக் கேட்டதும் பலர் சிரிப்பார்கள். "என்னா டிரஸ்ஸர், எனக்குத் தூக்கம் இல்லேங்கிறேன், நீங்க பூனையைப் பத்திக் கேக்குறீங்க" என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் விஷயம் வெளியே வரும். மூன்றரை மணிக்கே பூனை நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கொசுவலையைப் பிராண்டுகிறது. எழுந்திருக்காவிட்டால் கால் கட்டைவிரலைக் கடிக்கிறது. அல்லது அஞ்சடியில் கட்டியிருக்கும் நாய் நாலு மணிக்கு முனகத் தொடங்கி, யாராவது கதவைத் திறக்கும் வரை ஓய்வதில்லை. எழுந்து ஒரு பிடி சோறு போட்டால் அமைதி. ஆனால் மறுபடி படுத்தால் தூக்கம் பிடிப்பதில்லை, அதற்குள் எழும் நேரமும் வந்துவிடுகிறது.

இதையெல்லாம் போய்ச் சங்கப் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று நினைப்பீர்கள். எழுதத்தான் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஆறு மணிப் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர் நாலரைக்கு எழுந்தாக வேண்டும். சமைத்துக் கட்டிக்கொண்டு போகிறவர் என்றால் இன்னும் முன்னதாக. இரவில் தொலைக்காட்சி, கைப்பேசி, பிள்ளைகளின் பள்ளிப் பாடம் எல்லாம் முடிந்து தலையைச் சாய்க்கும்போது பத்து ஆகிவிடுகிறது. குறுக்கே எதுவும் வராவிட்டாலே கிடைப்பது ஆறு, ஆறரை மணி நேரம்தான். வளர்ந்த மனிதருக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட அளவு. ஏற்கெனவே கடனில்தான் இருக்கிறோம். அதிலே பூனை வந்து தினம் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கினால், வாரத்தில் ஆறு வேலை நாளைக்கு ஆறு மணி நேரம் போயிற்று. சம்பளப் பிடித்தம் மாதிரி ஒரு முழு இரவுத் தூக்கம் கழிந்துவிடுகிறது.

தூக்கம் இரவு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக அது ஓடுகிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். விடியற்காலைச் சுற்றுகளில் கனவுத் தூக்கம் அதிகம். மனசு அமைதிப்படவும் ஞாபகம் நிற்கவும் அது உதவுகிறது. மூன்றரைக்கு எழுப்பும் பிராணி வெட்டுவது இந்தப் பிந்திய பங்கைத்தான். உடம்பில் வலி ஒன்றும் இல்லை, ஆனால் சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன் என்று சில தாய்மார்கள் சொல்வது இதனாலும் இருக்கலாம்.

வேலையிடத்து ஆபத்தைச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கை வேகத்தையும் கவனத்தையும் சோதித்தார்கள். இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவர்களின் அளவுக்கோ, சில சோதனைகளில் அதைவிட மோசமாகவோ அவை இறங்கியிருந்தன. காலை மூன்றரைக்கு விழித்தவருக்கு 17 மணி நேரம் எப்போது நிறைகிறது? இரவு எட்டரைக்கு. கடைத்தெருவுக்கு மோட்டாரில் போய்த் திரும்புகிற நேரம் அது. ஒரு சொட்டு குடிக்காத ஆளும் குடித்தவர் மாதிரி ஓட்டுகிறார்.

செம்பனையில் நீண்ட கம்பில் அரிவாளைப் பொருத்தி அண்ணாந்து பார்த்துக் குலை அறுக்கிறவர், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பால்மரப் பட்டையில் கத்தி இழுக்கிறவர், முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்து சரிவில் இறங்குகிறவர், இவர்களுக்கு அரை நொடி கவனம் பிசகினால் போதும். கையில் தையல் போட வருகிறவரிடம் "நேத்து எத்தனை மணிக்கு எழுந்தீங்க?" என்று நான் கேட்பது வம்பளக்க அல்ல. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இன்னொரு கெடுதியும் உண்டு. தூக்கம் குறைந்தால் இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் நிற்பது கடினமாகிறது, பசியும் கூடுகிறது. மாத்திரையை ஒழுங்காக விழுங்கியும் அளவு இறங்கவில்லை என்றால் தூக்கத்தையும் விசாரிக்க வேண்டும்.

வீட்டில் பூனை யாரை எழுப்புகிறது என்பதையும் கவனியுங்கள். யார் சோறு வைக்கிறாரோ அவரைத்தான். ஆண்களைக் கேட்டால் "எங்க வீட்டுல பூனைத் தொந்தரவே இல்லீங்க" என்பார்கள். பக்கத்தில் நிற்கும் மனைவியின் முகத்தைப் பார்த்தால் உண்மை தெரியும். கடைசியில் படுத்து முதலில் எழுகிறவர் தலையில்தான் இதுவும் விழுகிறது.

ஏன் எழுப்புகின்றன?

பூனை இரவுப் பிராணி என்று சொல்வார்கள். அது முழுக்கச் சரியல்ல. நடுப்பகலிலும் நடு இரவிலும் அது நன்றாகவே தூங்கும். அந்தி சாயும் நேரமும் விடியும் நேரமுமே அதற்குச் சுறுசுறுப்பு, ஏனென்றால் எலியும் குருவியும் நடமாடும் நேரம் அது. ஆனால் நம் பூனைகள் எழுப்புவது விடியலிலும் இல்லையே! தீபகற்ப மலேசியாவில் சூரியன் உதிப்பது ஆண்டு முழுவதும் ஏழு மணியையொட்டித்தான். கோலாலம்பூரில் ஏழுக்குச் சற்று முன்னிருந்து ஏழரை வரைக்கும் மாறும். வானம் வெளுக்கவே ஆறு தாண்ட வேண்டும். (பழையவர்களுக்கு ஞாபகம் இருக்கும், 1982 ஜனவரி முதல் தேதி கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதுவரை ஆறரையாக இருந்த விடியல் ஏழாகிப்போனது. அந்த மாதம் சேவல்களும் பூனைகளும் புதுக் கடிகாரத்தைச் சட்டை செய்திருக்காது.) ஆகவே மூன்றரை, நாலு மணிக்கு எழுப்புகிற பூனையை வெளிச்சம் எழுப்புகிறது என்று சொல்ல முடியாது.

பின் எது எழுப்புகிறது? சாப்பாட்டு நேரம். பிராணிக்குத் தினமும் ஒரே மணியில் தீனி கிடைத்தால், அந்த மணி வருவதற்கு முன்பே உடம்பு அதை எதிர்பார்த்து விழித்துக்கொள்ளும். எலிகளை வைத்து ரிக்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1922லேயே இதைக் கண்டு எழுதினார். பின்னால் வந்தவர்கள் இன்னும் நுணுக்கமாகப் பார்த்ததில், தீனிக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் முன்னதாகவே பிராணிகள் பரபரப்பதைக் கண்டார்கள். நாலரைக்குச் சோறு வைத்துப் பழக்கினால் மூன்றரைக்குப் பூனை நடமாடுவது இதனால்தான்.

நாலரை என்ற நேரம் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். இரவில் மரத்தின் இலைகள் வழியாக நீர் அதிகம் வெளியேறுவதில்லை. அதனால் விடியுமுன் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் நிறைந்திருக்கும், வெட்டியதும் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். அதற்காகத்தான் நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து இருட்டிலேயே எழுந்தோம். அடுப்பு எரிந்தது. அடுப்பு எரிந்தால் பூனைக்கு ஒரு பங்கு. மரத்தின் நேரம் மனிதருக்கு வந்தது, மனிதரிடமிருந்து பூனைக்குப் போயிற்று. இன்றைக்குப் பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பலர் தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் குடிபோய்விட்டார்கள். பிள்ளைகள் தொழிற்சாலையில் மூன்று சிப்ட் பார்க்கிறார்கள். ஆனாலும் வீட்டில் யாரோ ஒருவர் பழைய பழக்கத்தில் நாலரைக்கு எழுந்து விளக்கைப் போட்டுப் பூனைக்கு வைக்கிறார். இரவு சிப்ட் முடிந்து வந்து படுத்த மகனையும் சேர்த்து அது எழுப்புகிறது. பூனைக்கு ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது, தீபாவளி விடுமுறையும் தெரியாது.

தாமானில் இருப்பவர்கள் இன்னொன்றைப் பார்த்திருப்பீர்கள். நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தினர் சகூர் சாப்பாட்டுக்காக விடியுமுன் எழுவார்கள். அந்த ஒரு மாதம் தெருப்பூனைகளுக்கும் நல்ல பங்கு கிடைக்கும். ஹரி ராயா முடிந்து இரண்டு வாரம் ஆனாலும் அவை அதே நேரத்துக்கு வந்து கதவடியில் கத்திக்கொண்டு நிற்கும். யாரும் அவற்றுக்குக் கடிகாரம் காட்டவில்லை.

மூன்றாவது காரணம் நாமே சொல்லிக்கொடுத்தது. ரஷ்யாவில் பாவ்லோவ் என்ற விஞ்ஞானி, தீனிக்கு முன்னால் ஒரு சத்தத்தைக் கேட்கவைத்து, பிறகு அந்தச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறவைத்த கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். நம் வீட்டில் நடப்பது அதற்கு நேர் எதிர். இங்கே பூனை சத்தம் போடுகிறது, மனிதர் எழுந்து ஓடுகிறார். யார் யாரைப் பழக்கினார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதில் பெரிய பொல்லாப்பு எங்கே என்றால், ஒரு நாள் கொடுத்து ஒரு நாள் கொடுக்காமல் இருப்பதில்தான். ஸ்கின்னர் என்ற அமெரிக்க அறிஞரின் சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் தீனி கிடைத்துப் பழகிய பிராணி, தீனி நின்றதும் சீக்கிரமே முயற்சியை விட்டுவிடும். எப்போதாவது கிடைத்துப் பழகியது லேசில் விடாது. நாலு நம்பர் எடுப்பவரைப் பாருங்கள். எப்போதோ ஒரு தடவை அடித்தது என்பதற்காக வாராவாரம் போகிறார் அல்லவா? பூனையும் அதே கணக்குத்தான் போடுகிறது. திங்கள், செவ்வாய் பொறுத்துக்கொண்டு புதன்கிழமை தாங்க முடியாமல் எழுந்து வைத்தீர்கள் என்றால், மூன்று நாள் விடாமல் கத்தினால் கிடைக்கும் என்று அதற்குப் பாடம் நடத்திவிட்டீர்கள்.

திட்டுவதும் செருப்பை எறிவதும் கூட அந்தப் பிராணிக்கு ஒரு பதில்தான். பகலெல்லாம் யாரும் இல்லாத வீட்டில் தனியே கிடந்த பூனைக்கும் நாய்க்கும், காலை நாலு மணிக்கு எஜமானர் எழுந்து உட்கார்ந்து தன்னைப் பார்த்துப் பேசுவதே பெரிய சந்தோஷம். அது திட்டா கொஞ்சலா என்பது இரண்டாம்பட்சம்.

உண்மையிலேயே பசியா?

இதை முதலில் பார்த்துவிட வேண்டும். பல வீடுகளில் பூனைக்குக் கிடைப்பது குழம்பு ஊற்றிய சோறு. பூனை மாமிசம் தின்னும் பிராணி. சோறு வயிற்றை நிரப்பும், ஆனால் அதன் உடம்புக்கு வேண்டியதைத் தராது. டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது, மீனிலும் இறைச்சியிலும் உண்டு, அரிசியில் இல்லை. அது குறைந்தால் பூனைக்குக் கண் கெடும். இதயமும் வீங்கிப் பலவீனப்படும் என்பதை அமெரிக்க மருத்துவர்கள் 1987இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே வெறும் சோற்றில் வளரும் பூனை நாலு மணிக்குக் கத்தினால் அது செல்லம் அல்ல, நிஜப் பசி. ஒரு கெம்போங் மீனை உப்பில்லாமல் அவித்து முள்ளை எடுத்துப் போடுங்கள். கோழித் தலை, ஈரல் கொஞ்சம் அவித்துச் சேர்க்கலாம். கட்டுப்படியானால் பூனைக்கென்று விற்கும் தீனி நல்லது, அதில் டாரின் சேர்த்திருப்பார்கள்.

குழம்பு வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. வெங்காயமும் பூண்டும் பூனை, நாய் இரண்டுக்கும் இரத்தத்தைக் கெடுக்கும். நம் குழம்பில் அவை இல்லாமல் இருக்குமா? பாலும் அப்படித்தான், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது. நாலு மணிக்குப் பால் வைத்து ஐந்து மணிக்குத் தரையைக் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வயிற்றில் புழு இருந்தாலும் தின்பது உடம்பில் ஒட்டாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புழு மருந்து கொடுங்கள். அதை நம் கிளினிக்கில் கேட்க வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் எடை சொல்லி வாங்குங்கள். நாய் பூனையின் கொக்கிப்புழு நம் பிள்ளைகளுக்கும் வரும் என்பதால் இது பிராணியின் நன்மைக்கு மட்டுமான செலவு அல்ல.

வழக்கத்தை மாற்றும் முறை

தீனியைக் காலையிலிருந்து இரவுக்கு மாற்றுங்கள். பூனையின் இயற்கை என்னவென்றால் வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம். இந்த வரிசையை இரவில் நாம் நடத்திக் கொடுக்கலாம். படுப்பதற்கு முன் ஒரு கயிற்று நுனியில் துணியையோ கோழி இறகையோ கட்டிப் பத்து நிமிஷம் இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம், கைப்பேசியைக் கொஞ்ச நேரம் கீழே வைப்பார்கள். பூனை மூச்சு வாங்க உட்கார்ந்த பிறகு அன்றைய பெரிய பங்கை வையுங்கள். தின்று நக்கித் தூங்கப் போய்விடும்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தீனி வைக்காதீர்கள். இதுதான் முக்கியம். முகம் கழுவி, தண்ணீர் கொதிக்க வைத்து, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி, கடைசியாக வாசற்படி இறங்கும் முன் வையுங்கள். நீங்கள் எழுவதற்கும் அதன் சாப்பாட்டுக்கும் இடையே முக்கால் மணி நேரமாவது போகட்டும். அப்போது "இவள் எழுந்தால் சோறு" என்ற முடிச்சு அவிழும். முடிச்சு அவிழ்ந்தால் உங்களை எழுப்புவதில் அதற்கு லாபம் இல்லை.

அதுவரை கத்தினால்? அசையக் கூடாது. கண்ணைத் திறந்து பார்க்கக் கூடாது, "சூ" என்று சொல்லக் கூடாது. முதல் சில நாள் நிலைமை இன்னும் மோசமாகும், இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்கவில்லை என்றதும் பிராணி இன்னும் பலமாக முயலும். டின்னைத் தட்டும், கதவைச் சுரண்டும். பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான். அதைத் தாண்டிவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும்.

வீட்டில் எல்லாரும் ஒத்துப்போனால்தான் இது நடக்கும். அம்மா கல்லாகப் படுத்திருக்க, தாத்தா மெல்ல எழுந்து ஒரு நெத்திலியைப் போட்டுவிட்டு "பாவம்டி, வாயில்லா ஜீவன்" என்றால் எல்லாம் வீண். சங்கத்தில் தீர்மானம் போடுவதைப் போல எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரே முடிவுக்கு வாருங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். லயத்துப் பலகைச் சுவரில் ஒரு வீட்டுப் பூனை கத்தினால் நாலு வீடு விழிக்கும். "இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க அண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னால் சண்டை வராது.

முடிந்தவர்கள் மணி வைத்துத் திறக்கும் தீனிப் பெட்டி வாங்கலாம். நாலு மணிக்கு அது தானே திறந்தால், பூனை உங்களை விட்டுவிட்டுப் பெட்டியின் முன்னால் போய் உட்காரும். ஆனால் இரவு முழுவதும் தட்டில் தீனியைத் திறந்து வைப்பது தோட்டத்தில் ஆகாது. பூனைக்கு வைத்ததை எலி தின்ன வரும். எலி வந்தால் அதன் சிறுநீர் தரையில் படும், அதிலிருந்து லெப்டோ காய்ச்சல், அதாவது எல்லாரும் "கென்சிங் திக்குஸ்" என்று சொல்வது, மனிதருக்குத் தொற்றும். எலி வந்தால் பாம்பும் பின்னாலே வரும். இரவு வைத்ததில் மிஞ்சியதை எடுத்து மூடிவிட்டுப் படுங்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும், அதையும் தினம் மாற்றுங்கள்.

நாயின் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். பூனை கத்தினால் அசையாதீர்கள் என்றேன். நாய் வழக்கமில்லாத குரலில், ஒரே திசையைப் பார்த்துக் குரைத்தால் அப்படி இருக்க வேண்டாம். டார்ச் அடித்துப் பாருங்கள். வெறுங்காலோடு இறங்காதீர்கள். நாகமோ மலைப்பாம்போ கோழிக் கூட்டுப் பக்கம் வந்திருக்கலாம். தினசரி நாலு மணி முனகலுக்கும் இந்தக் குரைப்புக்கும் உள்ள வித்தியாசம் வளர்க்கிறவருக்குத் தெரியும்.

தினசரி முனகலுக்குக் காரணம் பெரும்பாலும் சங்கிலி. பகல் முழுவதும் கட்டிக் கிடக்கும் நாய் எப்படிக் களைப்படையும்? களைப்பில்லாதது எப்படித் தூங்கும்? வேலை விட்டு வந்ததும் அரை மணி நேரம் கூட்டிக்கொண்டு நடங்கள், உங்கள் சர்க்கரைக்கும் நல்லது. படுக்கப் போகுமுன் ஒரு தடவை வெளியே விட்டுச் சிறுநீர் கழிக்கச் செய்யுங்கள். குட்டியாக இருந்தால் இரவில் ஒரு தடவை வெளியே போகத்தான் கேட்கும். அதற்குக் கோபப்படுவது நியாயமில்லை.

சேவலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெளியே வெளிச்சம் மாறாமல் வைத்தாலும் சேவல் தன் உடம்புக்குள் இருக்கும் கடிகாரப்படியே கூவுகிறது, அதுவும் விடிவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாக. ஆகவே சேவலைத் திருத்த முடியாது. கூட்டைப் படுக்கையறை ஜன்னலிலிருந்து தூரம் தள்ளலாம், அவ்வளவுதான்.

செய்யக் கூடாதவை

"பூனைக்குத் தூக்க மாத்திரை கொஞ்சம் குடுங்க டிரஸ்ஸர்" என்று கேட்டவர்கள் உண்டு. கொடுக்க மாட்டேன். மனிதருக்கான மாத்திரையைப் பிராணிக்குக் கொடுக்கவே கூடாது. அதிலும் பனடோல் பூனைக்கு நஞ்சு. நமக்குத் தலைவலி தீர்க்கும் அந்த ஒரு மாத்திரையே பூனையின் உயிரை எடுக்கப் போதும், ஏனென்றால் அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை.

அடிப்பது, சாக்கில் கட்டிப் பசாரில் விட்டு வருவது, இவையும் வேண்டாம். 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி பிராணியைக் கொடுமைப்படுத்தினால் 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. எத்தனை மாதச் சம்பளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அரைத் தூக்கத்தில் காலால் உதைத்துக் கடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பூனையின் பல் ஊசி மாதிரி. வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாகக் கிருமியை விட்டுவிடும். ஒரே நாளில் கை வீங்கிவிடலாம். கடித்தாலும் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித் தூள் எதையும் அப்பாமல் கிளினிக்குக்கு வாருங்கள். வெறிநாய்க்கடி நோய் 2015இல் வட மாநிலங்களில் தலைகாட்டியது, 2017இலிருந்து சரவாக்கில் உயிர்களையும் பறித்திருக்கிறது. ஆகவே கடித்தது நம் வீட்டுப் பிராணிதானே என்று விட்டுவிடாதீர்கள். பூனை கீறிய இடத்தில் ஆறாத கட்டி வந்து, அதிலிருந்து கையில் வரிசையாக மேலே மேலே கட்டிகள் கிளம்பினால், அது பூனையிடமிருந்து வரும் ஒரு பூஞ்சை நோயாக இருக்கலாம். நம் நாட்டில் அது உண்டு, மருந்தும் உண்டு, ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும்.

பழக்கம் எதுவும் மாறாத வீட்டில் ஒரு பிராணி திடீரென்று இரவில் எழுப்பத் தொடங்கினால் அதை நோய் என்று சந்தேகியுங்கள். பத்து வயதைக் கடந்த பூனை நிறையத் தின்றும் மெலிந்துகொண்டே போனால், இரவில் உரக்கக் கத்தினால், தைராய்டு சுரப்பி கூடுதலாக வேலை செய்யலாம். அதிகம் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தையோ சர்க்கரையையோ பார்க்க வேண்டும். ஆமாம், பூனைக்கும் இனிப்புநீர் வரும். கிழட்டு நாய் பகலில் தூங்கி இரவில் சுவரைப் பார்த்து நின்று குரைத்தால், மூளை தளர்ந்து பகல் இரவு மாறிப்போயிருக்கலாம். இவற்றிடம் பாராமுகமாக இருந்து பயனில்லை. மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் காட்டுங்கள்.

இன்னொரு வகையினரையும் சொல்ல வேண்டும். வேலை ஓய்வு பெற்று, கணவரை இழந்து, பிள்ளைகள் பட்டணத்தில் இருக்க, தனியாக இருக்கும் பாட்டிமார்கள். இப்படி ஒரு அம்மா நாற்பது வருஷம் பால் வெட்டியவர். இரவு எட்டு மணிக்கே படுத்துவிடுவார். நாலு மணிக்குப் பூனை எழுப்பும். "இது எழுப்பலேன்னா என்னை யாருய்யா எழுப்புவா?" என்று என்னிடம் கேட்டார். எட்டு மணி நேரம் தூங்கிவிடுகிறார், எழுந்து விளக்கேற்றி வரக்கோப்பி கலக்கிப் பூனையோடு பேசிக்கொண்டிருக்கிறார். அவரிடம் நான் மேலே சொன்ன எதையும் சொல்லவில்லை. எழுப்பட்டும்.

அவருக்குச் சொன்னது வேறு. இருட்டில் பூனை காலுக்குள் நுழையும், வயதானவர் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். எனவே விளக்குச் சுவிட்சைக் கட்டிலிலிருந்தே கை எட்டும்படி மாற்றச் சொன்னேன், அல்லது தலைமாட்டில் டார்ச் வைத்துக்கொள்ள வேண்டும். விழித்ததும் சட்டென்று எழாமல், இரண்டு நிமிஷம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகு நிற்க வேண்டும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது கட்டாயம். பூனைத் தட்டைக் குசினிக்குப் போகும் வழியில் வைக்காமல் சுவரோரமாக நகர்த்த வேண்டும். இன்சுலின் போடுகிறவராக இருந்தால், பூனைக்கு வைக்கிற அதே நேரத்தில் தானும் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட வேண்டுமா என்று மருந்தெடுக்க வரும்போது என்னிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது ஊசியின் வகையையும் போடும் நேரத்தையும் பொறுத்தது.